திருத்திப் படிக்கவும்

பாப்பாவுக்கு,

போனில் பேசி மூன்று நாள்தான் ஆகிறது, அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். பயப்படாதே, இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தோடு ஒரு புத்தகமும் வரும். புத்தகத்தை மட்டும் அனுப்பினால் இது எதற்கு என்று கேட்பாய். கேட்டால் போனில் எனக்குச் சொல்ல வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாவல். பழைய புத்தகங்களுக்கு நடுவில் கிடந்தது. அட்டை இல்லை. அட்டை மட்டுமா, முதல் 16 பக்கமும் இல்லை. தலைப்பு என்ன, எழுதியவர் யார், எந்தப் பதிப்பகம், எந்த வருஷம், எதுவும் தெரியாது. 17ஆம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தின் பின்பாதியோடு தொடங்குகிறது: "என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் தேடினார்." என்ன சொன்னார் என்பது போன பக்கத்தோடு போய்விட்டது. அந்த ஒரு வரிக்காகத்தான் எடுத்தேன். "தலையே இல்லாத புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குகிற ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருத்தர்தான்" என்றாள் உன் அம்மா.

31 வருஷம் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவனுக்குப் பெயர் கிழிந்த புத்தகமும் கொஞ்சம் பேசும். சரியாக 16 பக்கம் போயிருக்கிறது என்றால் யாரும் கிழிக்கவில்லை என்று அர்த்தம். ஒரு பெரிய தாளின் இரண்டு புறமும், புறத்துக்கு எட்டுப் பக்கமாக அச்சடித்து மூன்று மடிப்பு மடித்தால் 16 பக்கம். அதற்கு ஃபாரம் என்று பெயர். ஃபாரங்களை அடுக்கி நூலால் தைப்பார்கள். முதல் ஃபாரத்தின் தையல் விட்டுப்போய் மொத்தமாகக் கழன்று விழுந்திருக்கிறது. 17ஆம் பக்கத்தின் அடியில் ஓரமாகப் பொடி எழுத்தில் 2 என்று இருப்பதைப் பார். பைண்டர் வரிசை மாற்றி அடுக்கிவிடக் கூடாது என்பதற்காகப் போடுகிற எண் அது. சில அச்சகங்களில் அந்த எண்ணோடு புத்தகப் பெயரின் முதலெழுத்தையும் போடுவோம். இவர்கள் போடவில்லை. போட்டிருந்தால் ஒரு எழுத்தாவது மிஞ்சியிருக்கும்.

அப்புறம் எழுத்து. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது பழைய புத்தகங்களைப் புரட்டி "யானை எழுத்து" என்று ஒன்றைக் காட்டுவாயே, ஞாபகம் இருக்கிறதா? லை, ளை, ணை, னை நாலுக்கும் மேலே தும்பிக்கை தூக்கினது போல ஒரு சுழி. றா, ணா, னா குடும்பத்தில் ஒன்பது எழுத்துகள் வால் சுருட்டி நிற்கும். ஆக மொத்தம் 13. பெரியார் 1935இலேயே தன் குடி அரசு பத்திரிகையில் அவற்றை மாற்றி அச்சிட ஆரம்பித்துவிட்டார். அரசு அதை ஏற்றுக்கொண்டது 1978இல். இந்த நாவலில் யானைகள் எல்லாம் இருக்கின்றன. அதனால் 1978க்கு முந்தியது, அல்லது அதை ஒட்டியது. அச்சகங்கள் ஒரே நாளில் ஈய எழுத்துகளை உருக்கிவிடவில்லை, கையில் இருப்பது தேயும் வரை ஓட்டினோம். பக்கத்தைத் திருப்பிப் பின்புறம் விரலால் தடவிப் பார், எழுத்து மேடு தட்டும். கையால் கோத்து அழுத்தி அடித்த அச்சு அது. இப்போது வருகிற புத்தகங்களில் தாள் வழவழவென்றுதான் இருக்கும்.

தாள் பழுப்பேறிவிட்டது. மரக்கூழை அப்படியே அரைத்துச் செய்கிற மலிவுத் தாளில், மரத்தின் நாரைப் பிடித்துவைக்கிற லிக்னின் என்ற பொருள் தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகி அப்புறம் பழுப்பாகும், தாளில் இருக்கும் அமிலம் நாரை அரித்து நொறுங்க வைக்கும். ஓரம்தான் முதலில் கறுக்கும், காற்று முதலில் தொடுவது அங்கேதான். நடுப்பக்கம் இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கிறது. வாசனையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம். எதைக் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்க்கிற பிள்ளை நீ.

சரி, கதைக்கு வருகிறேன்.

வயதான எழுத்தாளர் ஒருவர். மனைவி இல்லை. பிள்ளைகள் தூரத்தில். அவருடைய எழுத்து முழுவதையும் தொகுத்துப் போடப்போகிறோம், ஒரு முன்னுரை எழுதிக் கொடுங்கள் என்று பதிப்பாளர் கேட்கிறார். முன்னுரை எழுத வேண்டுமானால் தான் எழுதியதையெல்லாம் தானே படிக்க வேண்டும். 40 வருஷத்து எழுத்து. நாவல் முழுக்க அவ்வளவுதான் நடக்கிறது: ஒரு மனிதர் உட்கார்ந்து தன்னையே படிக்கிறார். நடுநடுவே யாராவது வருகிறார்கள், போகிறார்கள், தபால் வருகிறது, மின்சாரம் போகிறது.

முதல் 50 பக்கம் எனக்கு அலுப்புத் தட்டியது. முட்டி வலி, பார்வை மங்கல், தூக்கமின்மை என்று ஒரு பட்டியலே வருகிறது. இளைஞர்கள் முதுமையைப் பற்றி எழுதினால் இப்படித்தான் எழுதுவார்கள், வலியை வரிசைப்படுத்துவார்கள். இதை எழுதியவர் சின்ன வயதுக்காரர் என்றே முடிவு கட்டிவிட்டேன். அப்படி இருக்கக் கூடாது என்றும் இல்லை. எழுத்தாளரின் முதுமையைப் பற்றி உலகத்தில் அதிகம் பேசப்படுகிற கதைகளில் ஒன்று தாமஸ் மான் என்ற ஜெர்மன் எழுத்தாளர் எழுதியது, வெனிஸுக்குப் போகிற ஒரு எழுத்தாளரைப் பற்றியது. கதாநாயகருக்கு 50 தாண்டிவிட்டது. 1912இல் அது வெளிவந்தபோது மானுக்கு 40கூட ஆகவில்லை.

ஆனால் 70ஆம் பக்கம் வாக்கில் ஒரு வரி வருகிறது. "எழுந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார், முடிவு செய்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்." அதைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். இதைக் கற்பனையில் எழுத முடியாது பாப்பா. எழுந்திருப்பது என்பது இரண்டு தனித்தனி வேலைகள் என்பது எனக்கே இந்த நாலைந்து வருஷமாகத்தான் தெரியும். எழுதியவர் கிழவர்தான். முதல் 50 பக்கத்தை எப்போதோ எழுதி வைத்திருந்து, மீதியைப் பிற்பாடு முடித்திருக்கலாம். என் ஊகம்.

தன் பெயர் நிலைக்குமா என்று அந்த நாவலின் கிழவர் ஓயாமல் கவலைப்படுகிறார். அவரைப் படைத்தவரின் பெயரோ ஒரு தையல் நூல் விட்டதில் போய்விட்டது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் புறநானூற்றுக் கிழவர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். 243ஆம் பாட்டு. சின்ன வயதில் ஆற்றங்கரை மருத மரத்தில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மிரள, நீர் சிதறத் துடுமென்று ஆழத்தில் குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு வந்து காட்டியதை ஒரு கிழவர் நினைத்துப் பார்க்கிறார். இப்போது அவர் கையில் பூண் போட்ட கைத்தடி. உடம்பு நடுங்குகிறது. பேச்சு "இருமிடை மிடைந்த சில சொல்" ஆகிவிட்டது. இருமலுக்கும் இருமலுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட சில சொற்கள். இரண்டாயிரம் வருஷத்தை ஒட்டிய பாட்டு, நேற்று ராத்திரி எனக்கு நடந்தது போல இருக்கிறது.

அந்தப் புலவரின் பெயர் தெரியாது. பாட்டில் வருகிற "தொடித்தலை விழுத்தண்டு" என்ற சொல்லை எடுத்து அவருக்குத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆள் போய், பெயர் போய், அவர் ஊன்றின கைத்தடி அவர் பெயராகிவிட்டது. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார், எல்லாரும் இப்படித்தான். தேய்ந்த பழங்கயிறு என்று பெயர் வாங்கிக்கொண்டு ஒரு மனிதர் இருக்கிறார் என்றால் நாமெல்லாம் எந்த மூலை? அவர்களுக்காவது பாட்டு கிடைத்தது. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268 இரண்டு பாட்டும் கிடைக்கவே இல்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. ஓலைச்சுவடியானாலும் தைத்த புத்தகமானாலும் முதலில் அடிபடுவது தலையும் வாலும்தான்.

அந்த முறையில் நான் இந்த நாவலாசிரியருக்கு மூக்குக்கண்ணாடி தேடினார் என்று பெயர் வைத்திருக்கிறேன். உன் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

இந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடத்தைச் சொல்கிறேன். கிழவருக்குப் புகழ் வாங்கித் தந்த ஒரு வாக்கியம் உண்டு. மேடையில் சொல்வார்கள், கல்யாண வாழ்த்தில் போடுவார்கள், கடிதத்தில் எழுதுவார்கள். முன்னுரைக்காகப் பழைய நாவலைப் படிக்கும்போது அந்த வாக்கியத்துக்காகக் காத்திருக்கிறார். வரவே இல்லை. மறுபடி படிக்கிறார். வேறு பதிப்பை எடுத்துப் பார்க்கிறார், கையெழுத்துப் பிரதியைத் தேடுகிறார். இல்லை. அவர் எழுதியது வேறு, சுமாரான ஒரு வாக்கியம். வாசகர்கள் யாரோ எங்கேயோ ஞாபகத்திலிருந்து சொல்லும்போது கொஞ்சம் மாறி, அடுத்தவர் வாயில் இன்னும் கொஞ்சம் மாறி, நல்ல வாக்கியமாக ஆகிவிட்டிருக்கிறது. 40 வருஷமாக அவர் அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது புதிய தொகுப்பில் அதைச் சேர்ப்பதா, விடுவதா? அந்த அத்தியாயம் முழுக்க அவர் இந்த ஒரு கேள்வியோடு அறைக்குள் நடக்கிறார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் வியர்த்தது. எனக்கும் இப்படி ஒன்று உண்டு. யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட.

வேலைக்குச் சேர்ந்து ஆறேழு வருஷம் இருக்கும். ஒரு எழுத்தாளரின் சிறுகதைத் தொகுப்பு அச்சுக்கு வந்தது. பெயர் வேண்டாம். அதில் ஒரு கதை: கோபித்துக்கொண்டு போன மகன் பல வருஷம் கழித்து ராத்திரியில் வீட்டுக்குத் திரும்புகிறான். கடைசி வரி, "கதவைத் தட்டி நின்றான்." அவர் கையெழுத்தில் தகரம் சுருண்டு ஒகரம் போலத் தெரியும். அச்சுக்கோப்பவர் "கதவைத் ஒட்டி நின்றான்" என்று கோத்துவிட்டார். கேலி ப்ரூஃப், அதாவது பக்கம் பிரிப்பதற்கு முன்னால் திருத்துவதற்காக எடுக்கிற படி, என்னிடம் வந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? உயிரெழுத்துக்கு முன்னால் ஒற்று நிற்காதே, இந்த த் ஏன் அநாதையாக நிற்கிறது, மூலத்தில் தகரத்தில் தொடங்குகிற வேறு சொல் இருந்ததோ என்று பிரதியைத் திறந்து ஒப்பிட்டிருக்க வேண்டும். அந்த ஒரு த்தான் சாட்சி. நான் பிரதியைத் திறக்கவில்லை. ஒற்று மிகாது என்று சிவப்பு மையில் அந்தச் சாட்சியைச் சுழித்து நீக்கினேன். "கதவை ஒட்டி நின்றான்." இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. அப்படியே அச்சாகிவிட்டது.

புத்தகம் வந்து சில நாளில் அவர் அச்சகத்துக்கு வந்தார். அந்தப் பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் ஒன்றும் சத்தம் போடவில்லை, தன் புத்தகத்தை முதல் தடவை பார்ப்பவர் மாதிரி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாம் பதிப்பு வந்தபோது நானே பொறுப்பாகத் "தட்டி" என்று திருத்தி ப்ரூஃப் அனுப்பினேன். அவர் தன் கையால் அதை அடித்து "ஒட்டி" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அதற்குள் அந்தக் கடைசி வரியைப் புகழ்ந்து இரண்டு மூன்று பேர் எழுதிவிட்டிருந்தார்கள். வந்துவிட்டான், ஆனால் தட்டவில்லை, அதுதான் கதையே என்று. நான் அந்தப் பாராட்டை வெட்டி வைத்திருந்தேன். பெருமைக்கா, வெட்கத்துக்கா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிழை தானாக நல்லதாக அமைந்தது வேறு விஷயம். நான் அர்த்தத்தைப் பார்க்கவில்லை, ஒற்றை மட்டும் பார்த்தேன். அதுதான் நடந்தது.

இனிமேல்தான் இந்தக் கடிதத்தை எதற்காக எழுத உட்கார்ந்தேன் என்பது வருகிறது. மூன்று நாளாக இதற்கு முந்தைய பக்கங்களையே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

புத்தகத்தில் எனக்கு முன்னால் ஒருவர் படித்த தடம் இருக்கிறது. பென்சில். அதிகம் இல்லை. அங்கங்கே ஓரத்தில் ஒரு கோடு, இரண்டு இடத்தில் "ஆமாம்". 139ஆம் பக்கத்தில் கிழவர் தன் பிள்ளைகளைப் பற்றி நினைக்கிறார். "பிள்ளைகள் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள்; பெற்றவர்களுக்கு அவர்கள் செய்கிற பெரிய தயவு அதுதான்." நானாக இருந்தால் இதற்கும் "ஆமாம்" என்று போட்டிருப்பேன். அந்த ஆள் ஓரத்தில் "பொய்" என்று எழுதியிருக்கிறார். ஒரே சொல். பென்சில் முனை உடைகிற மாதிரி அழுத்தி எழுதியிருக்கிறார், தாளின் மறுபக்கத்தில் அச்செழுத்தைவிட அது மேடு தட்டுகிறது.

அதற்கு மேல் அன்று படிக்க முடியவில்லை.

நீ விடுதியில் சேர்ந்த முதல் மாதம் எழுதிய கடிதம். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ. கோடு போட்ட நோட்டில் கிழித்த இரண்டு தாள். "அப்பா, இங்கே எனக்கு பிடிக்கவில்லை" என்று தொடங்கியது. பக்கத்துக் கட்டில் பெண் ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லை, யாரும் பேசுவதில்லை, குளிக்கப் போனால் வரிசை, இன்னும் என்னென்னவோ. நான் அன்று வேலையிலிருந்து வந்த கையோடு அதைப் படித்தேன். சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது. நான்காம் வேற்றுமை 'கு'வுக்குப் பின் வல்லினம் மிகும் என்று எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! "எனக்கு"க்கும் "பிடிக்கவில்லை"க்கும் நடுவில் ஒரு கூரை போட்டு ப் எழுதினேன். "பக்கத்து கட்டில்" என்று இருந்தது, க் போட்டேன். ரகரம் றகரம் இரண்டு இடம். முடிவில் அடியில் கோடு போட்டு "பிழைகள் 11" என்று கூட்டி எழுதினேன். என் பதிலோடு சேர்த்து அந்தத் தாளையும் உனக்கே திருப்பி அனுப்பினேன், பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று. என் பதிலில் விடுதி பழகிவிடும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன் என்று நினைக்கிறேன். எழுதியிருப்பேன் என்று நம்புகிறேன்.

அடுத்த கடிதம் பத்து நாள் கழித்து வந்தது. அரைப் பக்கம். நலம், பணம் வந்தது, பரீட்சை இந்தத் தேதியில். அதற்கடுத்ததும் அப்படித்தான். நான் சொல்கிறேன் கேள், அந்தக் கடிதங்களில் ஒரு பிழைகூட இல்லை. ஒன்றுகூட. அச்சகத்தில் எல்லாரிடமும் காட்டினேன். "என் பெண் எழுதியது, ஒரு ஒற்றிலாவது கை வைக்க முடியுமா பாருங்கள்" என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உன் அம்மா மட்டும் ஒருநாள் கேட்டாள், "ஏன் இவள் இப்படித் தந்தி மாதிரி எழுதுகிறாள்?" பெரியவளாகிவிட்டாள் என்றேன்.

நீ இதை ஒருதடவைகூட எடுத்துப் பேசியதில்லை. சண்டை போட்ட நாட்களில்கூட இல்லை. அதனால் மறந்துவிட்டாய் என்று வைத்துக்கொண்டேன், வசதியாக இருந்தது. இந்தப் பென்சில்காரர் யாரென்று தெரியாது. அவர் ஒரு பிள்ளையா, பெற்றவரா என்றும் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லைப் படித்தபோது அந்த இரண்டு தாளும் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன, கோடுகளோடு. நீ மறந்தாயோ இல்லையோ, நான் மறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஒரு வேளை நிஜமாகவே உனக்கு ஞாபகம் இல்லை என்றால், அப்பா எதையோ பிடித்துக்கொண்டு உளறுகிறார் என்று விட்டுவிடு.

போன மாதம் நீ சொன்னாயே, "அப்பா, நீங்கள் உங்கள் வாழ்க்கையை எழுதுங்களேன், சும்மாதானே இருக்கிறீர்கள்" என்று. யோசித்துப் பார்த்தேன். உ.வே.சா. தன் வரலாற்றை வாரத் தொடராக எழுத ஆரம்பித்தது 1940இல், 85 வயதை ஒட்டி. 1942இல் அவர் காலமானபோது அது முடியவில்லை, பாதி வழியில்தான் நின்றது. அவ்வளவு பெரிய வாழ்க்கைக்கே நேரம் போதவில்லை. எனக்கு நேரம் நிறைய இருக்கிறது, எழுதத்தான் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் வாக்கியத்தில் காற்புள்ளி போட்டவன் நான். அதிலும் தப்பு செய்ததைத்தான் மேலே எழுதிவிட்டேனே.

ஆனால் இந்த நாவலின் கிழவர் ஒரு வழி கண்டுபிடிக்கிறார். முடிவைச் சொல்லிவிடுகிறேன், பரவாயில்லை, இது முடிவுக்காகப் படிக்கிற புத்தகம் இல்லை. முன்னுரையை அவரால் எழுதவே முடியவில்லை. பதிப்பாளர் ஆள் அனுப்புகிறார். கடைசியில் அவர் கொடுத்தனுப்புவது ஒரு பிழைதிருத்தப் பட்டியல். பழைய புத்தகங்களின் பின்னால் இருக்குமே, பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நாலு கட்டம், அது மாதிரி. ஆனால் அச்சுப்பிழை ஒன்றும் அதில் இல்லை.

"பக்கம் 41: 'என் மனைவி என் எழுத்தைப் படிப்பதில்லை' என்பதை 'நான் அவளிடம் படிக்கக் கொடுத்ததில்லை' என்று திருத்திப் படிக்கவும்."

"பக்கம் 88: 'அந்த மழை இரவில் நான் தனியாக இருந்தேன்.' 'தனியாக' என்ற சொல்லை நீக்கிப் படிக்கவும்."

இப்படி மூன்று பக்கத்துக்குப் போகிறது. சிலது வேடிக்கை. ஒரு பாத்திரத்தின் மீசையை எடுத்துவிடச் சொல்கிறார். சிலவற்றைப் படித்துவிட்டு நான் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். அந்தப் புகழ்பெற்ற வாக்கியம் என்ன ஆயிற்று என்பதும் அதில்தான் வருகிறது, அதை மட்டும் சொல்ல மாட்டேன். அந்தப் பட்டியலோடு நாவல் 240ஆம் பக்கத்தில் முடிகிறது. 15 ஃபாரம், கணக்குச் சரி. முற்றும் என்றுகூடப் போடவில்லை. நல்ல வேளை, வால் பிழைத்திருக்கிறது.

அதனால் என் சரித்திரத்தை நான் ஒரு வரியில் எழுதிவிடுகிறேன். உன் முதல் கடிதத்தில், முதல் வரியில், "இங்கே எனக்குப் பிடிக்கவில்லை" என்று நான் திருத்தியதை "இங்கே எனக்கு பிடிக்கவில்லை" என்றே திருத்திப் படிக்கவும். மற்ற பத்தும் அப்படியே.

இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்று ஒன்றும் இல்லை. போனிலும் இதைப் பற்றிப் பேச வேண்டாம், எனக்குக் கூச்சமாக இருக்கும். வழக்கம் போல உன் அம்மாவிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு என்னிடம் இரண்டு நிமிஷம் பேசு, போதும்.

புத்தகத்தை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து நூல் கட்டி அனுப்பியிருக்கிறேன். கத்தியால் அறுக்காதே, முடிச்சு சுலபமாக அவிழும். அச்சுப்பிழைகளை 62 வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். ஒன்றிலும் கை வைக்கவில்லை. பென்சில் எழுத்தையும் அழிக்காதே. 193ஆம் பக்கத்திலிருந்து ஒரு ஃபாரம் ஆடுகிறது, பார்த்துப் புரட்டு. உனக்கு ஒரு பழக்கம் உண்டு, படிக்கிற புத்தகத்தை விரித்துக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போவாய். இதை அப்படி வைக்காதே பாப்பா, முதுகு தாங்காது.

அப்பா